வெளியே யாரும் ‘டேப்’ அடிப்பதில்லை: தற்காப்புக் கலை தெரிந்தவர் கை வைத்தால் சட்டம் என்ன கேட்கும்?

வெண்பட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடமாக நானும் ஒரு நண்பனும் ஒரே இடத்தில் ஜியு-ஜிட்சு (ஆளைத் தரையில் சாய்த்துப் பிடிகளால் அடக்கும் தற்காப்புக் கலை) கற்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் அவனுக்கும் வேறொருவருக்கும் வாய்த்தகராறு. வழியை மறிக்கிறது, வண்டியை எடுங்கள் என்று சொன்னதில் ஆரம்பித்திருக்கிறது. அந்த ஆள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். இவன் பின்னால் நகர்ந்தான். அவர் மறுபடி வந்து காலரைப் பிடித்து இன்னொரு கையை ஓங்கினார். இவன் அந்தக் கையைப் பிடித்து, ஆளைத் தரையில் சாய்த்து, ஆர்ம்லாக் (முழங்கையை மடங்காத பக்கமாக வளைக்கும் பூட்டு) போட்டுவிட்டான்.

பயிற்சியில் வலி வந்தால் எதிராளி இரண்டு தட்டு தட்டுவார், அதைத்தான் ‘டேப்’ என்போம், அந்த நொடியே விட்டுவிடுவோம். உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் அந்த ஆளுக்குத் தட்ட வேண்டும் என்றே தெரியாதே! திமிறியிருக்கிறார். முழங்கை மூட்டு விலகிவிட்டது. ‘மடக்’ என்று கேட்டது என்கிறான். அதைச் சொல்லும்போது இன்னும் அவன் குரல் கம்முகிறது.

இப்போது புகார் கொடுத்தவர் அவர், குற்றம் சாட்டப்பட்டவன் இவன். விசாரணையில் முதல் கேள்வியே “எத்தனை வருடமாக இதைக் கற்கிறாய்?” என்பதுதானாம். தள்ளியது யார், காலரைப் பிடித்தது யார் என்பதெல்லாம் அப்புறம்தான் வந்திருக்கிறது.

கற்றுக்கொண்டதே குற்றமாகிவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கால்வீச்சு எழுதியது:

கறுப்புப் பட்டை வாங்கியவர் காவல் நிலையத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அடிப்பதற்கு முன் மூன்று தடவை எச்சரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கையையே ஆயுதமாகக் கணக்கில் எடுப்பார்கள் என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். நண்பர் எச்சரித்தாரா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். முதலில் இந்தக் கதையை ஓரம் வைப்போம். பதிவு, மூன்று எச்சரிக்கை என்பதெல்லாம் பயிற்சிக் கூடங்களில் காலங்காலமாகச் சுற்றிவரும் பேச்சு. உண்மையிலேயே அப்படி ஒரு பதிவுச் சட்டம் இருக்கும் இடம் என்று எனக்குத் தெரிந்தது குவாம் தீவு. பசிபிக்கில் அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. அங்கே கராத்தே, ஜூடோ வல்லுநர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. பதிவு செய்தவர் அந்தக் கலையை வைத்து ஒருவரைத் தாக்கியதாகத் தண்டிக்கப்பட்டால் குற்றத்தின் கனமும் கூடும். அதை வைத்துத்தான் உலகம் முழுக்க இப்படி என்று பேச்சு பரவியதா, சொல்ல முடியாது. வெறும் கையையும் சூழ்நிலையைப் பொறுத்துக் கொடிய ஆயுதமாகக் கருதும் நீதிமன்றங்கள் அமெரிக்காவின் சில மாநிலங்களில் உண்டு. அங்கும் அந்தக் கை என்ன செய்தது என்றுதான் பார்ப்பார்கள், இடுப்பில் என்ன நிறப் பட்டை என்று அல்ல.

ஆனால் பயிற்சி கணக்கிலேயே வராது என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் குற்றவியல் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, தற்காப்பு நியாயமானதா என்று பார்க்கும்போது எவற்றையெல்லாம் எடைபோட வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. இரு தரப்பின் உருவம், வயது, பாலினம், உடல் திறன் எல்லாம் அதில் இருக்கிறது. மற்ற நாடுகளில் இப்படி எழுதி வைத்திராவிட்டாலும் நீதிபதியின் மனதில் ஓடும் கேள்வி அதுதான்: இவ்வளவு தெரிந்த இவருக்கு இதைவிடக் குறைந்த வழி கையில் இருந்ததா?

வெண்பட்டையின் நண்பருக்கு நான் கேட்கும் கேள்வி வேறு. கை பூட்டில் சிக்கியதற்கும் மூட்டு விலகியதற்கும் இடையில் எத்தனை நொடி?

பழைய மாணவன் எழுதியது:

சார், மன்னிக்க வேண்டும். ஒருவன் காலரைப் பிடித்துக் கை ஓங்கும்போது யாரால் நொடி எண்ண முடியும்? உயிர் இருந்தால்தானே வழக்கு! முதலில் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார். இப்படிப் பயமுறுத்தியே ஆட்களைக் கை கட்டி நிற்க வைக்கிறோம்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

பழைய மாணவன், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நீதிமன்றங்களே அதைச் சொல்லியிருக்கின்றன. கத்தி ஓங்கிய நிலையில் நிற்பவரிடம் நிதானமான யோசனையை எதிர்பார்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1921-இலேயே, பிரவுன் வழக்கில், சொல்லிவிட்டது. தாக்கப்படுகிறவர் தன் தற்காப்பை மயிரிழை சுத்தமாக அளந்து செய்ய முடியாது என்பது 1971-இல் பாமர் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் சொன்னதன் சாரம். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும், அடி விழும்போது கணக்குப் போட்டுப் படிப்படியாகத் தற்காத்துக்கொள்ளச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்றது. தற்காப்பு என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பதும் அதே தீர்ப்பில்தான்.

ஆக, முதல் அடியில் சட்டம் உங்களுக்கு நிறையவே இடம் கொடுக்கிறது. நான் பார்த்த வழக்குகளில் ஆட்கள் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் கடைசி அடியில்தான். ஆபத்து முடிந்த பிறகு விழுந்த அந்த ஒரு அடி.

இந்தியச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வந்திருக்கின்றன. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த உடனே உரிமை தொடங்குகிறது. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் இருக்கும்வரை உரிமையும் இருக்கும். அச்சம் போன நொடியில் உரிமையும் போய்விடும். இது 40-ஆம் பிரிவு. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகக் கேடு செய்யக் கூடாது என்பது 37. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை சட்டங்களும் அதே பழைய இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டவைதான். எண்கள் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான்.

நண்பருக்கு நேரடியாகத் தைக்கிற விஷயம் ஒன்று. எலும்பு முறிவு, மூட்டு விலகல், ஏன், ஒரு பல் விழுந்தாலும் இந்தச் சட்டத்தில் அது கொடுங்காயம். சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை தண்டனை, கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை. ஆர்ம்லாக் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில், சில அங்குல தூரத்தில் நிற்கும் பிடி. நீங்கள் எல்லாரும் வாரம் நான்கு நாள் செய்கிற ஒன்று. அந்தச் சில அங்குலத்தின் எடையை யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்தார்களா?

வெண்பட்டை எழுதியது:

இல்லை சார். சத்தியமாக இல்லை. பூட்டை முடிக்கத்தான் சொல்லித் தந்தார்கள்.

நடுநிசி எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, சட்டத்தின் முன் போய் நிற்கும் காயங்கள் தெரியும்.

தெருச் சண்டையில் ஆளைச் சாகடிப்பது பல சமயம் குத்து அல்ல, தரை. தாடையில் ஒரு குத்து, நினைவு தப்புகிறது, கையை ஊன்றாமலே ஆள் மல்லாக்க விழுகிறார், பின்மண்டை கல்லில் மோதுகிறது. பயிற்சிக் கூடத்தில் பாய் இருக்கிறது, வெளியே இல்லை. இன்னொன்று, மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் சிலர் எழுந்து பேசுவார்கள், “ஒன்றுமில்லை” என்று நடந்தும் போவார்கள். சில மணி நேரம் கழித்துச் சரிந்து விழுவார்கள். அதனால் எதிராளி எழுந்து நடந்துவிட்டார், பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மனிதாபிமானத்துக்காகவும்தான், நீங்கள் கூப்பிட்டீர்கள் என்பது பதிவாகும் என்பதற்காகவும்தான்.

கழுத்துப் பிடி பற்றி: கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் அழுந்தினால் பத்து நொடி அளவில் நினைவு போய்விடும். பழகிய கை அப்போதே விடும். பயந்த கை விடாது. கூடத்தில் பாதுகாப்பாகச் செய்கிறோமே என்ற நினைப்பு வெளியே உதவாது. பல நாடுகளில் கழுத்தை நெரிப்பதே தனிக் குற்றம். இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உயிர் போகாவிட்டாலும் ஐந்தாண்டு வரை தண்டனை என்கிறது.

நண்பர் தன்னையும் பரிசோதித்துக்கொண்டாரா? கழுத்தில் காலர் இழுத்த கீறல், முன்கையின் வெளிப்பக்கத்தில் தடுத்த கன்றல் எல்லாம் சில நாளில் மறைந்துவிடும். அடித்தவன் எப்படி நின்றான், தடுத்தவன் எப்படி நின்றான் என்று காயங்களே சொல்லும். மறைந்துவிட்டால் யார் சொல்வது?

வெண்பட்டை எழுதியது:

அன்றிரவு அவனுக்கு வலியே தெரியவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். மறுநாள் அவன் அம்மா கழுத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறார். அது மட்டும்தான் இருக்கிறது.

மரப்பாச்சி எழுதியது:

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கவலை. நானும் கற்கிறேன். போன வருடம் ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோது எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? “முகத்தில் அடித்தால் கேஸ் ஆகுமோ?” அந்த ஒரு எண்ணத்தில் இரண்டடி தூரம் இழுபட்டுப் போய்விட்டேன். அப்புறம்தான் கையை உருவி ஓடினேன். பெண்கள் இங்கே படித்துவிட்டு இன்னும் தயங்கிவிடக் கூடாது. தயவுசெய்து அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

மரப்பாச்சி சொன்னதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். அம்மா, அந்த இடத்தில் நீங்கள் முகத்தில் அடித்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நின்றிருக்கும். உருவ வித்தியாசம், தனியாக இருந்தது, அவன் இழுத்தது எல்லாமே உங்களுக்குச் சாதகம். இந்தியச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு, கொடுங்காயம் வரும் என்ற நியாயமான அச்சம் போன்ற நிலைகளில் தாக்குகிறவன் உயிர் போனாலும் அது குற்றமில்லை என்கிறது. ஜெர்மனிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: குழப்பத்தில், பயத்தில், திகிலில் எல்லை மீறிவிட்டால் அதற்குத் தண்டனையே இல்லை. கோபத்தில் மீறினால் அந்தச் சலுகை கிடையாது. பயத்தையும் கோபத்தையும் அவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்வது தயங்குங்கள் என்பது அல்ல. அடியுங்கள், விடுபடுங்கள், ஓடுங்கள். விடுபட்ட பிறகு திரும்பி வந்து ஒரு உதை விடாதீர்கள், அவ்வளவுதான்.

பழைய மாணவன் எழுதியது:

இதை ஏற்கிறேன். முன்பு காட்டமாக எழுதிவிட்டேன்.

கால்வீச்சு எழுதியது:

நடுவில் புகுந்து பிறரைக் காப்பாற்றினால்? அங்கேயும் இதே விதியா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

பிறரைக் காக்கவும் உரிமை உண்டு. ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது. ஜப்பானில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன், தற்காப்புக் கலை கற்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

1981, சிபா மாகாணம், இரவு நேரம். கராத்தேயில் மூன்றாம் டான் (கறுப்புப் பட்டையில் மூன்றாம் படி) வாங்கிய, இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவர் வீடு திரும்புகிறார். வழியில் ஓர் ஆணும் பெண்ணும் தள்ளுமுள்ளில் இருக்கிறார்கள். பெண் விழுகிறாள். இவரைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் உதவி கேட்கிறாள். உண்மையில் அவள் குடித்திருந்தாள், அந்த ஆள் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். இவருக்கு அது எப்படித் தெரியும்? தாக்குகிறான் என்றே நினைத்தார். பெண்ணைத் தூக்கிவிடப் போனார். அப்புறம் அந்த ஆளை நோக்கி, போதும் என்று கைகளை நீட்டினார். அவர் இதைத் தாக்குதல் என்று நினைத்து நெஞ்சுக்கு நேரே முஷ்டியை மடக்கினார். இவர் அதைச் சண்டைக்கு நிற்கும் நிலை என்று படித்துக்கொண்டார். முகத்தருகே ஒரு சுழல் உதை. ஒன்றே ஒன்று. அந்த ஆள் தரையில் விழுந்து மண்டை உடைந்து எட்டு நாள் கழித்து இறந்துபோனார்.

கீழ் நீதிமன்றம் விடுதலை செய்தது. மேல் நீதிமன்றம் ஒன்றரை ஆண்டு தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்தது. 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தவறாகப் புரிந்துகொண்டதற்காக அவரைத் தண்டிக்கவில்லை, கவனியுங்கள். அவர் நினைத்தது போலவே நடந்திருந்தாலும், முஷ்டி மடக்கியவரின் தலைக்கு அப்படி ஒரு உதை தேவையா என்பதுதான் கேள்வி. தடுத்திருக்கலாம், வேறு வழியில் அடக்கியிருக்கலாம் என்றார்கள். அவர் நல்ல மனதோடுதான் போனார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே வரவில்லை, இறந்தவரை நினைத்தாலும் மனம் ஆறவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தப்பாகப் படித்த ஓர் இரவு.

அதனால் நடுவில் புகுவதற்கு முன் ஒரு தடவை சத்தமாகக் கேளுங்கள்: “என்ன நடக்கிறது? உங்களுக்கு உதவி வேண்டுமா?” இரண்டு நொடிதான் ஆகும்.

நடுநிசி எழுதியது:

எட்டு நாள். நான் மேலே சொன்ன பின்மண்டைதான்.

ஆசான்30 எழுதியது:

இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக் கொடுக்கிறேன். வெண்பட்டை, “பூட்டை முடிக்கத்தான் சொல்லித் தந்தார்கள்” என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மாணவனும் அதையே சொல்லுவான்.

இன்று வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். ஆர்ம்லாக் போட்ட பிறகு கீழே இருப்பவர் தட்டக் கூடாது, சும்மா திமிற வேண்டும். மேலே இருப்பவர் பூட்டை இறுக்காமல் அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, “நிறுத்து, விட்டுவிடுகிறேன், நிறுத்து” என்று உரக்கச் சொல்ல வேண்டும். பதினோரு பேரில் நான்கு பேரால்தான் முடிந்தது. மற்றவர்கள் திமிறல் வந்ததும் தானாகவே இடுப்பைத் தூக்கிப் பூட்டை இறுக்கிவிட்டார்கள். நான் கையை வைத்துத் தடுத்திராவிட்டால் யாருக்காவது முழங்கை போயிருக்கும். எல்லாரும் பட்டை கட்டியவர்கள்!

நாம் குத்த, உதைக்க, பூட்ட ஆயிரம் தடவை பயிற்சி தருகிறோம். விடுவதற்கு எத்தனை தடவை? மாணவன் மேல் வழக்கு வந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். சட்டம் என்ன சொன்னாலும் சரி.

கறுப்புக்கோட்டு எழுதியது:

மாஸ்டர், நீங்கள் சொன்ன அந்த உரத்த குரல் நீதிமன்றத்தில் தங்கம். பக்கத்தில் நிற்பவர்கள் சாட்சி சொல்லும்போது யார் பிடி எதில் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. “நிறுத்து, எனக்குச் சண்டை வேண்டாம்” என்று யார் கத்தினார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கும். கையும் அப்படித்தான். முஷ்டி மடக்கி, கால் அகட்டி நின்றால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். விரித்த உள்ளங்கை நெஞ்சு உயரத்தில் இருந்தால் ஒருவர் கெஞ்சுகிறார், ஒருவர் அடிக்கிறார். அந்த நிலையிலிருந்தும் தடுக்கலாம், அடிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும்.

“வாடா பார்க்கலாம்” என்ற இரண்டு வார்த்தை தற்காப்பை ஒத்துக்கொண்ட சண்டையாக மாற்றிவிடும். அப்புறம் இணையத்தில் போடும் காணொளிகள். “ஒரே நொடியில் கையை உடைப்பது எப்படி” என்று உங்கள் பக்கத்தில் ஒரு காணொளி இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டுவார். நானாக இருந்தாலும் காட்டுவேன்.

நடந்த பிறகு: காவல்துறைக்கு முதலில் கூப்பிடுகிறவர் நீங்களாக இருங்கள். தாக்கப்பட்டேன், சாட்சிகள் இவர்கள், கேமரா அங்கே இருக்கிறது, எனக்கு அடி பட்டிருக்கிறது, விவரமாக வக்கீலோடு வந்து சொல்கிறேன். அது போதும். படபடப்பில் “அவன் கையை உடைத்துவிட்டேன் சார்” என்று ஆரம்பித்து நொடி நொடியாகக் கதை சொன்னால், பின்னால் ஒரு சின்ன முரண் வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் நஷ்டஈட்டு வழக்கு தனியாக வரலாம். அங்கே அளவுகோல் வேறு. இங்கிலாந்தில் 2008-இல் ஆஷ்லி வழக்கில் சொன்னது: குற்ற வழக்கில் நேர்மையான நம்பிக்கை போதும், உரிமையியல் வழக்கில் அந்த நம்பிக்கை நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

வெண்பட்டை, அந்த இடத்தில் கேமரா உண்டா? பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். நாளைக்கே எழுத்து மூலம் கேளுங்கள், வக்கீல் மூலமாகவும் காவல்துறையிடம் கேட்க வையுங்கள்.

வெண்பட்டை எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். பதிவு கிடைத்துவிட்டது சார். மொத்தம் 38 நொடி. சத்தம் இல்லை. வக்கீல் அலுவலகத்தில் நானும் அவனும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் தள்ளு தெளிவாக இருக்கிறது. இவன் இரண்டடி பின்னால் போவதும், உள்ளங்கையை விரித்துக் காட்டுவதும் இருக்கிறது. காலரைப் பிடித்த கை, ஓங்கிய கை, எல்லாம். வக்கீல் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

அப்புறம் தரை. பூட்டு விழுகிறது. அந்த ஆளின் இன்னொரு கை இவன் முழங்காலைத் தள்ளுகிறது. அதன்பின் ஏறக்குறைய இரண்டு நொடி அந்தக் கை எதையும் தள்ளவில்லை, தரையில் விரிந்து கிடக்கிறது. அப்புறம்தான் இவன் இடுப்பு உயர்கிறது. வக்கீல் அந்த இரண்டு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். “இங்கே அவர் அடங்கிவிட்டாரா, இல்லை மூச்சு வாங்குகிறாரா? உனக்கு என்ன தோன்றியது?” என்று கேட்டார்.

இவன் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கு அந்தக் கை கண்ணிலேயே படவில்லை சார். நான் என் பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றான். அப்படியே வாக்குமூலத்தில் எழுதலாமா என்று வக்கீல் யோசிக்கிறார். அடுத்த தேதி இன்னும் இரண்டு வாரத்தில்.

ஆசான்30 ஐயா, நீங்கள் சொன்ன பயிற்சியை எங்கள் மாஸ்டரிடம் காட்டினேன். இன்று மாலை அவனும் வருகிறேன் என்றிருக்கிறான். கீழே படுக்கிறேன், நீ பூட்டு என்றான் என்னிடம்.